விற்ற பாட்டுக்குப் பூட்டு

(திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் சிலம்பும் கம்பனும் பேசப்படுவது வழக்கம். சட்டைப்பையில் அடங்கும் பாட்டுக் கருவிகளைப் பற்றியும், காசு கொடுத்து வாங்கிய பாட்டை இன்னொரு கருவிக்கு மாற்றவிடாத பூட்டுகளைப் பற்றியும் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்று யோசித்தார்கள். பிறகு சம்மதித்தார்கள். சாலையில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது என்பது என் எண்ணம்.

ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூரின் திவானாக இருந்த 18ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் கடைத்தெரு இது. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் பேரம் பேசும் இடம். இங்கே கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவின் மனிதர்களைக் கதையில் உலவவிட்ட ஆ. மாதவன் 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வாங்கல், விற்றல் என்றால் என்னவென்று இந்த அவைக்கு வெளியிலிருந்து வந்தவன் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்பட மாட்டாது’ என்று கல்லாவுக்கு மேலே மாட்டிய பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் படித்து முகம் சுளித்ததும் உண்டு. ஆனாலும் அந்தப் பலகை ஓர் உண்மையைச் சொன்னது: காசு கைமாறிவிட்டது, சரக்கு இனி உன்னுடையது.

பாட்டு வியாபாரத்தில் கடந்த கால் நூற்றாண்டாக இந்த நியாயம் செல்லுபடியாகவில்லை. காசு கைமாறுகிறது, சரக்கு முழுதாகக் கைமாறுவதில்லை. விற்றவர் நினைத்தால் விற்றதைப் பாடாமல் செய்துவிடலாம். இது எப்படி வந்தது, இதனால் யாருக்கு நஷ்டம், நாம் கேட்க வேண்டியது என்ன என்பவைதான் இன்றைய பேச்சு.

நாடா நம் கையில் இருந்த காலம்

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தியது. கேரளத்துக்கு அது பெருமளவில் வந்து சேர்ந்தது வளைகுடா வழியாக. 1970களில் கடல் கடந்து போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் தவறாமல் இருந்தது. எழுதப் படிக்கச் சிரமப்பட்டவர்கள் கடிதத்துக்குப் பதிலாகத் தங்கள் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். 1980இல் கே. ஜே. யேசுதாஸ் இதே நகரத்தில் தரங்கிணி என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். ஓணப் பாட்டும் பக்திப் பாட்டும் கேசட்டாக வீடுவீடாகப் போயின. சோனியின் முதல் வாக்மேன் அதற்கு ஓராண்டு முன்பு, 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்திருந்தது. பாட்டு முதன்முதலாகக் கூடத்தை விட்டு இறங்கி மனிதனோடு நடக்க ஆரம்பித்தது.

அந்நாளில் பாட்டுப் பதிவுக் கடை இல்லாத கடைத்தெரு அபூர்வம். நோட்டுத் தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொண்டுபோய், வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். சி-90 என்றால் 45. கடைசிப் பாட்டு பாதியில் அறுபட்டால் கடைக்காரரோடு சண்டை. சட்டப்படி பார்த்தால் அந்தக் கடைகள் செய்தது பெரும்பாலும் உரிமை மீறல்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இன்றைய பேச்சுக்கு வேண்டியது கேசட்டின் உடலிலேயே இருந்த ஒரு சின்ன ஏற்பாடு.

கேசட்டின் முதுகில் இரண்டு மூலைகளிலும் இரண்டு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கும். பதிந்த பாட்டு அழியக் கூடாது என்றால் அவற்றை உடைத்துவிட வேண்டும். அதன் பிறகு ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது. மனம் மாறினால் அந்தக் குழியின் மேல் செலோடேப்பை ஒட்டிவிட்டு மறுபடி பதியலாம். அதுவும் பூட்டுதான். ஆனால் பூட்டுவதும் திறப்பதும் கேசட்டுக்குச் சொந்தக்காரர் விருப்பம். அந்தச் சாவி எப்போது, எப்படி நம் கையை விட்டுப் போனது என்பதுதான் பின்னால் வரும் கதை முழுவதும்.

நூறாவது படியும் முதல் படியும்

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படியெடுத்தால் இரைச்சல் கூடும். மூன்றாவது, நான்காவது படியில் பாட்டைவிட ‘ஸ்ஸ்’ சத்தம்தான் உரக்கக் கேட்கும். கம்பெனிகளுக்கு இந்த இரைச்சலே காவல்காரனாக இருந்தது. 1982இல் வந்த சி.டி. இந்தக் காவலை நீக்கியது. அதில் பாட்டு என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு நொடியும் ஒலியை 44,100 முறை அளந்து எழுதி வைத்த கணக்கு. கணக்கைப் படியெடுத்தால் கணக்கு தேயாது. நூறாவது படியும் முதல் படியும் ஒன்றே.

சி.டி.யின் ஒரு நிமிட இசை சுமார் 10 மெகாபைட். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய எம்பி3 முறை, காதுக்கு எட்டாத நுணுக்கங்களை விலக்கி அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. பத்து ரூபாய்ச் சரக்கு ஒரு ரூபாய் இடத்தில் அடங்கிற்று. 1998இல் டயமண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ரியோ என்ற சின்னக் கருவியைக் கொண்டுவந்தது. நினைவகம் வெறும் 32 மெகாபைட், அதாவது சுமாரான தரத்தில் அரை மணி நேரப் பாட்டு. அதற்கே அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் நீதிமன்றத்துக்கு ஓடியது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. கணினியில் ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டை அதன் சொந்தக்காரர் எடுத்துச் செல்ல வசதியாக இடம் மாற்றிக்கொள்கிறார், இது தனிப்பட்ட உபயோகம், தவறில்லை என்றது. பின்னால் வந்த பாட்டுக் கருவிகள் எல்லாம் தைரியமாகச் சந்தைக்கு வந்தது இந்தத் தீர்ப்பின் நிழலில்தான்.

நீதிமன்றத்தில் தடுக்க முடியாததைத் தொழில்நுட்பத்தால் தடுக்கலாம் என்று கம்பெனிகள் நினைத்தன. அவர்கள் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பாடியவர், மெட்டமைத்தவர், வயலின் வாசித்தவர் எல்லோருக்கும் சோறு போடுவது விற்பனைதான். ஆனால் அவர்கள் பிடித்த ஆயுதம் யாரைத் தாக்கியது என்று பார்க்க வேண்டும்.

பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்

டி.ஆர்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. பாட்டைச் சங்கேதமாக மாற்றிவிடுவார்கள். அதைப் பிரித்துப் பாட ஒரு சாவி வேண்டும். அது ஒரு நீண்ட எண். எந்தக் கணினியில், எந்தக் கருவியில், எத்தனை நாளைக்கு என்று கம்பெனியின் சர்வர் தீர்மானித்துச் சாவியை அனுப்பும்.

இதில் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. பாட்டைக் கேட்பவருக்குச் சாவி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கேட்க முடியாது. யாரிடமிருந்து பூட்டிக் காக்க நினைக்கிறார்களோ அவர் வீட்டிலேயே சாவியையும் ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. ஒளித்ததைத் தேடிக் கண்டுபிடிக்க எங்காவது ஓர் இளைஞர் வருவார். வந்தார்கள். அப்படி எவரும் வராவிட்டாலும் ஒலிபெருக்கியிலிருந்து காதுக்குப் போகும் வழியை யாராலும் அடைக்க முடியாது. ஒலி வெளியே வந்துவிட்டால் பதிந்துகொள்ளலாம்.

சி.டி.க்குப் போட்ட பூட்டுகளின் கதி இன்னும் வேடிக்கை. 2002இல் ஐரோப்பாவில் வெளியான சில வட்டுகளின் பூட்டு, வட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தவுடன் செயலிழந்தது. 2003இல் இன்னொரு வகைப் பூட்டை, வட்டைச் செருகும்போது கணினியின் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலே போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் காட்டினார். பூட்டுக் கம்பெனி வழக்குப் போடுவேன் என்று மிரட்டிவிட்டு மறுநாளே பின்வாங்கியது. மறுபக்கம், காசு கொடுத்து வாங்கியவரின் கார் ஸ்டீரியோவில் இத்தகைய வட்டுகள் பல பாட மறுத்தன. சி.டி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான பிலிப்ஸே, இவற்றின் மேல் சி.டி. முத்திரை போடக் கூடாது என்று ஆட்சேபித்தது.

2005இல் வேடிக்கை விபரீதமானது. சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட இசைவட்டுகளைக் கணினியில் போட்டால், ஒரு மென்பொருள் ஒளிந்து உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வதை மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தில் வைரஸ்களும் ஒதுங்க முடிந்தது. அப்படி அனுப்பப்பட்ட வட்டுகள் சுமார் 47 லட்சம். ஏறக்குறைய 21 லட்சம் விற்றே போயிருந்தன. நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. இந்தத் தொல்லைக்கு ஆளானவர்கள் யார்? கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வட்டு வாங்கியவர்கள். திருட்டுப் பிரதி வைத்திருந்தவர் கணினி பத்திரமாக இருந்தது.

வாக்மேன் தோற்றது எதனால்?

சோனியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் டி.வி. நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பார்ப்பது குற்றமாகாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பை 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெற்றது சோனிதான். படக் கம்பெனிகள் தொடுத்த பீட்டாமேக்ஸ் வழக்கு அது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி வென்றது. படியெடுப்போரின் வழக்கறிஞராக நின்ற நிறுவனம் 1988இல் சி.பி.எஸ். ரெக்கார்ட்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கியது. கருவி செய்பவரும் பாட்டு விற்பவரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள்.

எண்முறை வாக்மேன் வந்தபோது அது எம்பி3ஐ நேரடியாகப் பாடாது. சோனியின் சொந்த முறையான ஏட்ராக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றவும் ஏற்றவும் அவர்கள் கொடுத்த மென்பொருள்தான் வழி. அது எத்தனை முறை ஏற்றினோம், இறக்கினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். 2004இல் வந்த வன்தட்டு வாக்மேன்கூட எம்பி3ஐ அப்படியே ஏற்கவில்லை. அந்த ஆண்டின் முடிவில்தான் மனம் இறங்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபாட், 5 ஜிகாபைட் வன்தட்டோடு ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் வைத்தது. வீட்டிலுள்ள சி.டி.யிலிருந்து எடுத்த எம்பி3ஐ அது கேள்வி கேட்காமல் பாடியது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம், தன் பாட்டுக் கிட்டங்கிக்குக் காவல் இருந்ததில் தன் கருவிச் சந்தையை இழந்தது.

ஆப்பிளும் புனிதர் அல்லர். 2003 ஏப்ரலில் திறந்த ஐட்யூன்ஸ் கடையில் பாட்டு ஒன்று 99 சென்ட். ஆனால் அதற்கும் பூட்டு உண்டு. அங்கே வாங்கிய பாட்டு ஐபாடைத் தவிர வேறு கையடக்கக் கருவியில் நேரடியாகப் பாடாது. எதிர் முகாமில் மைக்ரோசாஃப்ட் 2004இல் ‘நிச்சயம் பாடும்’ என்ற பொருள்பட முத்திரை ஒன்று வைத்துப் பல கம்பெனிக் கருவிகளுக்கு உறுதி தந்தது. 2006இல் அதே மைக்ரோசாஃப்ட் சூன் என்ற தன் சொந்தக் கருவியைக் கொண்டுவந்தபோது, அந்த முத்திரைப் பாட்டுகள் அதில் பாடவில்லை. பூட்டு செய்தவர் வீட்டுக் கதவே அவருடைய சாவிக்குத் திறக்கவில்லை.

அந்த நாட்களில் என்னிடமும் ஒரு கருவி இருந்தது. யார் செய்தது என்பது வேண்டாம். வீட்டுக் கணினியில் ஏற்றிய பாட்டோடு அலுவலகக் கணினியில் செருகினால், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுவேன், சம்மதமா என்று கேட்கும். பெட்டி என்னுடையது, பாட்டு நான் விலை கொடுத்தது, அனுமதி மட்டும் எங்கோ இருக்கும் ஒருவருடையது.

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் இரண்டு கணக்குகள் முக்கியமானவை. அதுவரை விற்ற ஐபாட் ஒன்றுக்குச் சராசரியாக 22 பாட்டுகளே கடையில் வாங்கப்பட்டிருந்தன. ஆகவே ஆயிரம் பாட்டு கொண்ட கருவிக்குள் பூட்டிய பாட்டு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. 2006இல் உலகெங்கும் இணையக் கடைகளில் பூட்டோடு விற்றவை 200 கோடிக்கும் குறைவு. அதே கம்பெனிகள் சி.டி.யில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். முன்வாசலைத் திறந்துபோட்டுவிட்டுப் புழக்கடைக் கதவுக்குப் பூட்டு எதற்கு என்று அவர் கேட்டதாக நான் புரிந்துகொள்கிறேன். அதே ஆண்டு இ.எம்.ஐ. என்ற இசைக் கம்பெனி பூட்டை எடுக்கச் சம்மதித்தது. 2009 ஜனவரியில் மற்றப் பெரிய கம்பெனிகளும் ஒத்துக்கொள்ள, ஐட்யூன்ஸ் கடையில் பாட்டுக்குப் பூட்டில்லை என்ற அறிவிப்பு வந்தது. பூட்டை எடுத்ததால் இசைத்தொழில் மடிந்துவிடவில்லை.

கடை மூடிய பிறகு

பூட்டின் உண்மையான முகம் கடை மூடும்போதுதான் தெரியும். இரண்டு கடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

மைக்ரோசாஃப்ட் நடத்திய எம்.எஸ்.என். மியூசிக் 2008 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது: ஆகஸ்ட் 31க்குப் பிறகு சாவி கொடுக்கும் சர்வர் இயங்காது. கணினியை மாற்றினால், வாங்கிய பாட்டு புதுக் கணினியில் பாடாது. எதிர்ப்புக் கிளம்பியதும் கெடுவை 2011 வரை தள்ளிவைத்தார்கள். பாட்டை வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கடைக்காரர் கல்லாவை மூடினார், அவர்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த சரக்கு செல்லாக்காசாகும் நிலைக்கு வந்தது.

நம் நாட்டில் ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்தது. தமிழ், மலையாளம், இந்தி என்று எல்லாமும் சில்லறை விலைக்கு எம்பி3ஆகக் கிடைத்தது. பூட்டு இல்லை. வியாபாரம் கட்டுப்படியாகாமல் 2013 ஜூனில் கடையை மூடினார்கள். வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இறக்கி வைத்திருந்தவர்களின் பென் டிரைவிலும் கைப்பேசியிலும் அந்தப் பாட்டுகள் அப்படியே இருந்தன, இன்றும் பாடும். இரண்டு கடைகளும் மூடின. ஒன்று வாடிக்கையாளரின் பாட்டையும் மூடப் பார்த்தது. மற்றது தன் கதவை மட்டும் மூடிக்கொண்டது. வேறுபாடு முழுவதும் பூட்டில் இருக்கிறது.

திருட்டை இந்தப் பூட்டு தடுத்ததா? 2000களில் நம் நகரத்துப் பீமாபள்ளிக் கடைகளும் சென்னை பர்மா பஜாரும் கள்ள வட்டுகளுக்குப் பேர்போனவை. போலீஸ் சோதனைகள் ஓயாமல் நடந்தன. அந்த வியாபாரத்துக்கு ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒருமுறை பூட்டு உடைந்தால் போதும். பிறகு எத்தனை ஆயிரம் படியும் பூட்டில்லாமல் போடலாம். ஆகக்கூடி, காசு கொடுத்தவனுக்குப் பூட்டிய சரக்கு, கொடுக்காதவனுக்குத் திறந்த சரக்கு. நேர்மையாக நடப்பவனுக்குக் குறைந்த பொருளைக் கொடுக்கும் வியாபாரம் எந்தக் கடைத்தெருவிலும் நிலைக்காது.

சட்டம் சொல்வது

நம் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிட நியாயமானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. ஆனால் நெடுங்காலம் அந்தச் சலுகை நூல், இசையமைப்பு, ஓவியம் போன்றவற்றுக்குத்தான் இருந்தது. ஒலிப்பதிவு அதில் வரவில்லை. 2012இல் நடந்த திருத்தம் கணினி நிரல் தவிர எந்தப் படைப்பானாலும் என்று அதை விரித்தது. அந்த நோக்கத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பது மீறல் ஆகாது என்றும் விளக்கம் சேர்த்தது. நீங்கள் வாங்கிய சி.டி.யை உங்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று இதைப் படிக்கிறேன். பிரிட்டனில் 2014 அக்டோபரில் கொண்டுவந்த இதே போன்ற சலுகையை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த ஒன்றில் லண்டன்வாசியைவிடச் சாலைவாசியின் நிலை மேல்.

அதே திருத்தம் 65ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகக் குற்றமாக்கியது. நம் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. பிறருக்குத் திறந்து கொடுக்கலாமா என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். திறந்து கொடுப்பவர், கேட்டு வந்தவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் எழுதி முழுப் பதிவேடு வைக்க வேண்டும். கணக்குப் பேரேட்டுக்குப் பழகிய இந்தத் தெருவிலும் பூட்டுத் திறப்புக்குப் பேரேடு வைத்த கடையை நான் கண்டதில்லை.

ஆக, சட்டம் உரிமையைக் கொடுக்கிறது, சாவியைக் கொடுக்கவில்லை. பூட்டைத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது, திறக்கத் தெரிந்தவருக்குத்தான் பயன்படும். பேரனிடம் பாட்டு ஏற்றித் தரச் சொல்லும் பாட்டிக்கு அது வெறும் காகிதம்.

இந்த ஊருக்கு இதில் ஒரு தனி உறவு உண்டு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில், அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். கருவியை வாங்கியவர்தான் அதன் எஜமான் என்று அவர் சொல்லிவந்ததை, கேரளப் பள்ளிக்கூடங்கள் பிற்பாடு கட்டற்ற மென்பொருளுக்கு மாறிச் செயலில் காட்டின. கணினியில் ஒப்புக்கொண்ட கொள்கையைப் பாட்டில் மட்டும் நாம் கேட்காமல் இருக்கிறோம்.

வாடகைக்கு வந்த பாட்டு

2009இல் முன்வாசல் வழியே வெளியேறிய பூட்டு வேறு வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது. இன்று நாம் பாட்டை வாங்குவதில்லை; மாதச் சந்தா கட்டுகிறோம். செயலியில் ‘டவுன்லோடு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பாட்டு கைப்பேசிக்குள் வரும். ஆனால் அதை எடுத்துக் காரின் பென் டிரைவில் போட முடியாது. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2014இல் வந்து, பத்தாண்டு ஓடி, 2024இல் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாட்டு வரிசைகளும் அதோடு முடிந்தன.

வாடகை தவறில்லை. மலிவு, வசதி, கடல் போல் பாட்டு. வாடகையை வாடகை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த வகையில் சரிகமா இசை நிறுவனம் 2017இல் விற்க ஆரம்பித்த கார்வான் பெட்டியைப் பார்க்கிறேன். ஐயாயிரம் பழைய பாட்டை உள்ளே வைத்து அடைத்த ரேடியோ போன்ற பெட்டி. அந்தப் பாட்டை வெளியே எடுக்கவா முடியும்? முடியாது. ஆனால் வாங்குபவருக்கு அது தெரியும். நெட் வேண்டாம், சந்தா வேண்டாம், யாருடைய சர்வரும் வேண்டாம். நாளைக்கே அந்த வியாபாரம் நின்றாலும் பெட்டி பாடும். செயலியைக் கண்டு மலைத்த முதியவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியதில் வியப்பில்லை.

இன்னொரு கவலை நீண்ட காலத்தைப் பற்றியது. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீளும். எப்படியிருந்தாலும் சட்டம் ஒருநாள் விட்டுக்கொடுக்கிறது. பூட்டுக்குக் காலண்டர் தெரியாது. கர்நாடக இசையில் எத்தனையோ கச்சேரிகள் இன்று நம் காதில் விழுவதற்குக் காரணம், எங்கோ ஒரு ரசிகர் ஸ்பூல் டேப்பில் பதிந்து, கேசட்டுக்கு மாற்றி, பிறகு கணினிக்கு மாற்றி நாலு பேருக்குக் கொடுத்ததுதான்! ஊடகம் மாறும்தோறும் யாரோ ஒருவர் படியெடுத்ததால் அவை பிழைத்தன. செயலிக்குள் மட்டும் வெளியாகும் இன்றைய பாட்டை 2080இல் யார், எதிலிருந்து படியெடுப்பார்கள்?

கேட்க வேண்டியவை

இந்த அவையின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, தனிப்பட்ட உபயோகத்துக்காக ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாற்றும் உரிமையை 52ஆம் பிரிவில் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டும் ஒப்பந்தத்தால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றும் சேர்க்க வேண்டும். படைப்பாளிக்கு இழப்பு என்றால் அதை ஈடுகட்ட வழி இருக்கிறது. ஜெர்மனி 1965லேயே பதிவுக் கருவிகளின் மேல் ஒரு சிறு கட்டணம் வைத்து அதைப் படைப்பாளிகளுக்குப் பகிர்ந்தது.

இரண்டு, உரிமத்தை விற்பனை என்று சொல்லி விற்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எண்முறைச் சரக்கை ‘வாங்குங்கள்’ என்று விற்பவர், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் கண்டிக்கிறது. அதன் கீழ் இதற்கும் ஒரு விதி செய்யலாம்.

மூன்று, கடையை மூடுபவர் தான் விற்ற பாட்டின் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் மூட வேண்டும். அந்தப் பொறுப்பு கடை திறக்கும்போதே உரிமத்தில் எழுதப்பட வேண்டும்.

நான்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் சென்னை கன்னிமரா உள்ளிட்ட நூலகங்களுக்கு வந்தாக வேண்டும். ஒலிப்பதிவுக்கு அப்படி ஒரு கடமை இல்லை. அதைச் சேர்க்க வேண்டும், அதுவும் பூட்டில்லாத படியாக. 1829இல் பிறந்த நம் நகரத்துப் பொது நூலகம் புத்தகத்தை இரவல் கொடுப்பதுபோல் ஒரு பாட்டையும் கொடுக்கும் நிலை வர வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மிகவும் பிடித்த பாட்டை, பூட்டில்லாமல் விற்பவரிடம், பாடியவருக்கும் பங்கு போகும்படி காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். இந்தத் தெருவில் நல்ல சரக்கு நிலைபெற்றது வாடிக்கையாளர் அதைக் கேட்டு வாங்கியதால்தான். பாட்டையும் அப்படிக் கேட்டு வாங்கினால், விற்பவர் கொடுத்தே ஆக வேண்டும்.